கிணற்று வயரும் மச்சானின் மூன்று கோடியும்

இரணைமடு_வாய்க்கால் | செவ்வாய், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமாவின் மகன் ஒஸ்லோவில் இருக்கிறான். இருபத்தைந்து வருடம் அங்கே மீன் வெட்டிச் சேர்த்த காசு. இரண்டு வருடமாக எனக்கும் அவனுக்கும் போனில் ஒரே கதைதான்: கிளிநொச்சிப் பக்கம் மிளகாய், முருங்கையிலை, பப்பாசி இதுகளைக் காயவைத்துப் பொதி செய்து அனுப்புகிற ஒரு சின்னத் தொழிற்சாலை. இருபது முப்பது பேருக்கு வேலை கொடுக்கலாம், மூன்று கோடி வரை போடுகிறேன் என்றான். மாமியின் இரண்டு ஏக்கர் சும்மா கிடந்தது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, மோட்டரும் பூட்டியாயிற்று.

போன கிழமை காலையில் போய்ப் பார்த்தால் மோட்டர் இருக்கிறது, வயரைக் காணவில்லை. கம்பத்திலிருந்து கிணறு வரைக்கும் நிலத்துக்குக் கீழே தாட்ட வயர், எண்பது மீற்றர். கிண்டி எடுத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டு மண்ணைத் திருப்பி மூடி, காலால் மிதித்தும் விட்டிருக்கிறார்கள், அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கிணற்றுக் கட்டில் ஒரு முழத் துண்டு கிடந்தது. உள்ளே செம்பா அலுமினியமா என்று முதலில் வெட்டிப் பார்த்திருப்பார்கள் போல.

பொலிஸுக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். அப்புறம் ஒருவர் வந்து, "காணி உங்கள் பெயரிலா?" என்றார். இல்லை, மாமியின் பெயரில் என்றேன். அவவை வரச் சொல்லுங்கள் என்றார். அவ செத்து ஆறு வருடம் என்றேன். அவர் பேனையை மூடிவிட்டார்.

மச்சானுக்கு வீடியோவில் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு வரி அனுப்பியிருந்தான்: "கொஞ்சம் பொறுப்போம்."

வயரின் விலை மூன்று கோடிக்கு முன்னால் தூசு. அப்படியிருக்க ஏன் நின்றான்? அரசாங்கம் மாங்குளத்திலும் பரந்தனிலும் காங்கேசன்துறையிலும் முதலீட்டு வலயம் என்கிறது. சொந்த இரத்தமே ஒரு வயருக்குப் பின்வாங்கினால் கொரியாக்காரனும் ஜேர்மன்காரனும் எதை நம்பி வருவான்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஏ9_ஓட்டுநர் | செவ்வாய், இரவு 9.31

அண்ணை, உங்கள் வயர் இந்நேரம் ஏதாவது குளக்கட்டுக்குப் பின்னால் எரிந்து முடிந்திருக்கும். பிளாஸ்ரிக்கை எரித்தால்தான் செம்பு சுத்தமாக வரும், இரும்புக் கடையில் நல்ல விலை. இரவில் வண்டி ஓட்டும்போது அந்தக் கருகல் மணம் சில இடங்களில் வழமையாக வரும். மணம் எனக்குத் தெரிகிறது என்றால் மற்றவர்களுக்கும் தெரியும்தானே.


கோணல்_கேள்வி | செவ்வாய், இரவு 10.02

நான் நம்பவில்லை. களவு, கப்பம், வாள்வெட்டு என்று சொல்லி முதலீடு வராது என்பது எங்கள் ஆட்கள் சும்மா சொல்லுகிற சாட்டு. மெக்சிக்கோவைப் பாருங்கள். 2023 இல் அங்கே லட்சம் பேருக்கு இருபது பேருக்கு மேல் கொலையானார்கள். எங்கள் நாட்டில் அது மூன்று அளவில்தான். ஆனால் அதே வருடத்தில் மெக்சிக்கோவுக்கு 36 பில்லியன் டொலர் வெளிநாட்டு முதலீடு போயிருக்கிறது, எங்களுக்கு ஒரு பில்லியன்கூட வரவில்லை. அமெரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறான், மலிவாகச் செய்கிறான், சந்தை இருக்கிறது. காசு வந்து சேரும், கொலையை யார் எண்ணுகிறான்?

மச்சானுக்கு வேறு பயம் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.


புள்ளிவிவரப்_பூனை | செவ்வாய், இரவு 11.20

கோணல் அண்ணாவின் கணக்கு சரி, ஆனால் பாதியோடு நிற்கிறது. மெக்சிக்கோவை வைத்தே ஆஷ்பி, ராமோஸ் என்ற இருவர் 2013 இல் ஒரு ஆய்வு போட்டார்கள். மாநிலம் மாநிலமாகவும் துறை துறையாகவும் பிரித்துப் பார்த்தபோது, குழுக் குற்றம் கூடின இடத்தில் விவசாயத்துக்கும் வர்த்தகத்துக்கும் நிதிச் சேவைக்கும் வருகிற வெளிநாட்டுக் காசு குறைந்திருக்கிறது. பெரிய உற்பத்தித் தொழிற்சாலைகளில் அப்படித் தெரியவில்லை. எண்ணெயிலும் சுரங்கத்திலும் குற்றம் கூடின இடத்தில் முதலீடும் கூடியே இருந்திருக்கிறது.

இதைத் திரும்ப ஒருக்கால் வாசியுங்கள். குற்றம் எல்லாக் காசையும் ஒரேமாதிரித் துரத்தவில்லை. அரிதட்டில் போட்டுச் சலித்த மாதிரிச் சலிக்கிறது. சுற்றி மதில் கட்டி, துவக்கோடு காவல் போட்டு, நிலத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு ஊர் எப்படி இருந்தாலும் சரி. இருபது தோட்டக்காரரிடம் மிளகாய் வாங்கி, முப்பது பெண்களைக் கூப்பிட்டு, லொறியில் ஏற்றி ரோட்டால் அனுப்புகிறவனுக்கு ஊர் முழுக்க ஒழுங்காக இருக்க வேண்டும். உங்கள் மச்சான் இரண்டாவது ரகம். அதுதான் ஒரு வயருக்கே நின்றுவிட்டார்.

விவசாயப் பொருள் என்றதால் இன்னொன்று. 2022 பெப்ரவரியில் மெக்சிக்கோவின் மிச்சோகான் மாநிலத்தில் அவகாடோ பரிசோதிக்கப் போன அமெரிக்க அதிகாரி ஒருவருக்கு மிரட்டல் அழைப்பு வந்தது. ஒரே ஒரு அழைப்பு. அமெரிக்கா அங்கேயிருந்து அவகாடோ எடுப்பதையே ஒரு கிழமை அளவுக்கு நிறுத்தி வைத்தது. பறித்த பழம் ஒரு கிழமை பொறுக்குமா?


முள்ளியவளை_அக்கா | புதன், காலை 6.05

வேலைக்குப் போக முன்னம் எழுதுகிறேன். நான் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் லைன் பார்க்கிறேன், பெயர் வேண்டாம்.

நீங்கள் எல்லாரும் முதலாளி பயப்படுவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் இடத்தில் முதலாளிமார் பயந்து நான் காணவில்லை. மதில் உயரம், கமெரா இருக்கிறது, வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். பயப்படுவது பிள்ளைகளின் தாய்மார். இரவுக் கடமை முடிந்து பஸ் சந்தியில் இறக்கிவிட்டால் பத்து மணி ஆகும். அங்கேயிருந்து உள்வீதியால் ஒன்றரைக் கிலோமீற்றர், லைற் இல்லை, மதகடியில் நாலு பொடியள் போதையில் இருப்பார்கள். ஒரு தாய் தினமும் ரோச் லைற்றோடு வந்து சந்தியில் நிற்பா. மழை என்றால் உரப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பா. ஒரு நாள் மதகடியில் எவனோ அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தான். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வரவில்லை. அந்தக் கிழமைக்குள் அதே வீதியில் இன்னும் ஆறு பேர் நின்றுவிட்டார்கள்.

லைனில் ஏழு மெசின் சும்மா கிடந்தால் அன்றைய கணக்கு வராது. கணக்கு வராவிட்டால் ஓடரை வேறு இடத்துக்குக் கொடுப்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற வாங்குபவருக்கு மதகடி தெரியாது, "வடக்கில் ஆள் வரவு குறைவு" என்று ஒரு தாளில் எண்ணாகத்தான் தெரியும். எங்கள் பெண்கள் வேலைக்கு வர விரும்புவதில்லை என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் பேசினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்தப் பொடியள் எங்கள் பொடியள்தான். இரண்டு பேரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். சரி, பஸ் வருகிறது.


இரணைமடு_வாய்க்கால் | புதன், காலை 7.40

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. நாங்கள் போட்ட கணக்கில் மெசின், கொட்டகை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் இருந்தது, வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற வாகனம் இருக்கவில்லை.


பழைய_கச்சேரி | புதன், காலை 10.15

தம்பி இரணைமடு, நான் முப்பத்தொரு வருடம் காணிப் பக்கம் வேலை பார்த்தவன். மற்றவர்கள் மெக்சிக்கோ வரைக்கும் போய்விட்டார்கள், நீர் எழுதியதில் முக்கியமான வரி பொலிஸ்காரன் பேனையை மூடியதுதான். மாமி இறந்து ஆறு வருடம், காணி இன்னும் அவவின் பெயரில். முதலில் ஒன்று சொல்லும், அது உறுதி எழுதின சொந்தக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா?


இரணைமடு_வாய்க்கால் | புதன், பகல் 12.30

அனுமதிப்பத்திரம் ஐயா. மாமாவுக்குக் கொடுத்தது, பிறகு மாமிக்கு வந்தது. பத்திரத்தின் மூலப்பிரதி 2009 இல் யுத்தத்தில் மாத்தளன் பக்கம் பையோடு போய்விட்டது. பிரதேச செயலகத்தில் கோவை இருக்கிறதாம்.


பழைய_கச்சேரி | புதன், பிற்பகல் 2.50

நினைத்தேன். அப்போ கேளும்.

வன்னியில் குடியேற்றக் காணிகளில் அரைவாசிக்கு மேல் என்று சொல்ல என்னிடம் கணக்கில்லை, ஆனால் என் மேசைக்கு வந்த கோவைகளில் பெரும்பாலானவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரங்கள்தான். அதை நினைத்தபடி விற்க முடியாது, வங்கியில் ஈடு வைப்பதும் லேசில்லை, பின்னுரித்தாளியை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, எழுதி வைக்காமல் செத்தால் பிள்ளைகளுக்குள்ளேயே சிக்கல். உமது மச்சான் நோர்வேப் பிரஜை என்றால் இன்னொரு பூட்டும் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவரோ, பங்கில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் இருக்கிற கம்பனியோ இங்கே காணி வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், 99 வருடம் வரை. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அந்தத் தடை இல்லை. நோர்வே 2020 இல்தான் இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது. எடுத்துவிட்டாரா என்று கேளும்.

இது எல்லாம் குற்றத்தோடு என்ன சம்பந்தம் என்று கோணல் கேட்பார். சம்பந்தம் இருக்கிறது. உறுதி மோசடிக்காரனுக்குப் பிடித்த காணி எது தெரியுமா? சொந்தக்காரர் வெளிநாட்டில், வேலி விழுந்திருக்கிறது, பத்திரம் யுத்தத்தில் தொலைந்தது, தாய் தகப்பன் செத்துவிட்டார்கள். ஒரு கள்ள உறுதி, அதை எழுத ஒரு நொத்தாரிசு, சாட்சிக்கு இரண்டு பேர், போதும். வழக்குப் போட்டால் தவணை தவணையாகப் போகும், சொந்தக்காரர் ஒவ்வொரு தவணைக்கும் பிளேன் ஏறி வருவாரா? 2016 இல் யுத்தத்தால் காணியை விட்டுப் போனவர்களுக்கு எதிராகக் காலவிதிப்பு, அதாவது நெடுநாள் இருந்துவிட்டேன், காணி எனக்கே என்ற வாதம், சொல்ல முடியாது என்று 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள், நல்ல சட்டம், ஆனால் அதையும் நீதிமன்றத்தில் போய் நின்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

உமது வயரை எடுத்தவனும் அதே காணியைத்தான் பார்த்தான் தம்பி. கேட்பதற்கு ஆள் இல்லாத காணி.


ஸ்காபரோ_குளிர் | புதன், மாலை 5.12

கச்சேரி ஐயா சொன்னது என் கதை. இங்கே விடிய இன்னும் நேரம் இருக்கிறது, நித்திரை வரவில்லை, எழுதுகிறேன்.

2013 இல் நான் ஓமந்தைக்கு இந்தப் பக்கம் ஒரு மாட்டுப்பண்ணை போடலாம் என்று வந்தேன். சொந்தக்காரர் ஒருவருக்கு என் சார்பில் கையெழுத்து வைக்க அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வருடத்தில் காணியும் இல்லை, மாடும் இல்லை, சொந்தமும் இல்லை. அதை விடுங்கள். அதற்கு முன்னமே நான் களைத்துவிட்டேன். ஒரு கையெழுத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு ஆறு தடவை போனேன். ஆறாவது தடவை வாசலில் நின்ற ஒருவர், "அண்ணை, நீங்கள் கனடாவில் இருந்து வந்தும் இது விளங்கவில்லையே" என்று சிரித்தார். எவ்வளவு என்று கேட்டேன். அவர் தொகை சொல்லவில்லை. "நீங்களாகப் பார்த்துச் செய்யுங்கோ" என்றார்.

அந்தப் "பார்த்துச் செய்யுங்கோ"தான் என்னைக் கொன்றது. பத்தாயிரம் என்றால் பத்தாயிரம் என்று எழுதி வைத்திருப்பேன். எவ்வளவு, யாருக்கு, எத்தனை தடவை என்று தெரியாத செலவை எந்தக் கணக்குப் புத்தகத்தில் போடுவது?


ஏ9_ஓட்டுநர் | புதன், மாலை 6.45

ஸ்காபரோ அண்ணை சொல்லுகிறது சரி. எங்கள் லொறித் தொழிலிலும் அப்படித்தான். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு இயக்கம் (புலிகள்) சாமானுக்கு வரி எடுத்தது. திட்டித் திட்டித்தான் கட்டினோம், ஆனால் துண்டு தருவார்கள், அடுத்த தடவைக்கு எவ்வளவு என்று தெரியும். அந்தக் காலத்தில் கிளிநொச்சியில் சைக்கிளைப் பூட்டாமல் விட்டுப் போகலாம். இப்போது லொறியின் பற்றரியையே இரவில் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது.


கோணல்_கேள்வி | புதன், இரவு 7.10

வந்துவிட்டது. சைக்கிள் களவு போகவில்லை, சரி. அந்த நாலு வருடத்தில் வன்னிக்கு வந்த ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலையின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். வராது. எந்த நேரம் சண்டை தொடங்கும் என்று தெரியாத இடத்துக்கு எந்தக் காப்புறுதிக்காரன் கையெழுத்து வைப்பான்? அப்புறம், எல்லாரும் ஏன் களவெடுக்கப் பயந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கதைக்க வேண்டும். சைக்கிளோடு மட்டும் நிற்பாட்டக் கூடாது.


[மட்டுறுத்துநர் | புதன், இரவு 8.30: இதற்குப் பிறகு வந்த ஒன்பது பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இயக்கக் காலம் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அடிபடுங்கள். அலுவலகம், நிறுவனம், ஆட்களின் பெயரைப் போட்டுக் குற்றம் சாட்டின இரண்டு பதிவும் அதில் அடக்கம்.]


மன்னார்_காற்று | புதன், இரவு 9.05

சின்னக் களவை வைத்தே இவ்வளவு கதைத்தாயிற்று, கொஞ்சம் மேலேயும் பாருங்கள். எங்கள் மன்னாரிலும் உங்கள் பூநகரியிலும் அதானி நிறுவனம் 484 மெகாவாற் காற்றாலை போட இருந்தது, 442 மில்லியன் டொலர். வடக்குக்கு இந்த அளவில் வேறு எது வர இருந்தது என்று எனக்கு நினைவில்லை. போட்டிக் கேள்விப்பத்திரம் இல்லாமல் கொடுத்தார்கள், அலகுக்கு 8.26 சதம் டொலர் என்று விலை வைத்தார்கள், அது கூடின விலை என்று சத்தம் வந்தது, வலசை வருகிற பறவைகளின் பாதையில் ஆலையா என்று வழக்குப் போட்டார்கள். 2024 நவம்பரில் இந்தியாவில் இலஞ்சம் கொடுக்கத் திட்டமிட்டதாக அமெரிக்காவில் அந்தக் குழுமத்தின் தலைவர் மேலேயே குற்றப்பத்திரம் வந்தது, அவர்கள் மறுத்தார்கள். புது அரசாங்கம் விலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றது. 2025 பெப்ரவரியில் நாங்கள் விலகுகிறோம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

நான் அதானிக்காக அழவில்லை. எங்கள் மீனவர்களுக்கு அந்த ஆலை வேண்டாம் என்றுதான் இருந்தது. நான் சொல்ல வருவது, கதவைத் திறந்து கூப்பிடாமல் பின்வாசலால் கொடுத்த ஒப்பந்தம் நிற்காது. அடுத்த அரசாங்கம் வந்து கிளறும். கிளறத்தான் வேண்டும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேர்மையான மூன்றாவது ஆள் என்ன நினைப்பான்? இந்த ஊரில் கையெழுத்துக்கு ஆயுள் ஐந்து வருடம் என்று நினைப்பான்.


புள்ளிவிவரப்_பூனை | புதன், இரவு 10.40

மன்னார் அண்ணாவின் "நேர்மையான மூன்றாவது ஆள்" என்பதில்தான் என் சல்லடைக் கதையும் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் 1977 இலிருந்து வெளிநாட்டு அதிகாரிக்கு இலஞ்சம் கொடுப்பது அவர்கள் நாட்டிலேயே குற்றம். பிரித்தானியா 2010 இல் அதைவிட இறுக்கமான சட்டம் கொண்டு வந்தது. (2025 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி தங்கள் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார், அது வேறு கூத்து.) அப்போ "பார்த்துச் செய்யுங்கோ" என்று சொன்னவுடன் யார் எழும்பிப் போவான்? செய்தால் தன் நாட்டில் மறியலுக்குப் போக வேண்டியவன். மிச்சம் யார் இருப்பான்? செய்துவிட்டு அதை மணலிலோ மரத்திலோ இரண்டு மடங்காக எடுக்கத் தெரிந்தவன். பிறகு நாங்களே சொல்லுவோம், வெளிநாட்டுக் கம்பனிகள் எல்லாம் கொள்ளைக்காரர் என்று.

எங்களிடம் அப்படி ஒன்று வெளியிலேயே வந்தது. ஏர்பஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து 3.6 பில்லியன் யூரோ கட்டி இலஞ்ச வழக்குகளை முடித்தது. அந்த ஆவணங்களில் சிறிலங்கன் விமான சேவை விவகாரமும் இருக்கிறது. தண்டம் போனது மூன்று பணக்கார நாடுகளின் திறைசேரிக்கு.

மெதுவாக வருகிற சேதத்துக்கு இத்தாலி. தெற்கில் புக்லியா, பசிலிக்காற்றா என்று இரண்டு பிரதேசங்கள், எழுபதுகள் வரை மாஃபியா இல்லாத இடங்கள். பிறகு வந்து புகுந்தது. வராமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பினோற்றி என்பவர் கணக்குப் போட்டுப் பார்த்தார், ஆள்வீத வருமானம் 16 சதவீதம் குறைந்திருக்கிறது என்று வந்தது. ஒரு நாளில் எதுவும் இடிந்து விழவில்லை. முப்பது வருடமாக ஒன்றும் புதிதாக எழும்பாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.


கோணல்_கேள்வி | வியாழன், காலை 8.20

சரி பூனை, ஒத்துக்கொள்கிறேன், அரைவாசி. ஆனால் நாட்டுக்கு வந்த பெரிய அடி எல்லாம் யுத்தத்தாலும் கலவரத்தாலும் வந்ததே தவிர வயர்க் கள்ளனால் இல்லை. 83 இல் மோட்டரோலாவும் ஹரிஸும் கட்டுநாயக்காவில் மின்னணுச் சில்லு செய்கிற தொழிற்சாலை போட இருந்தார்கள். ஜூலையில் கொழும்பு எரிந்தது, அவர்கள் வரவில்லை. அந்த வேலைகள் மலேசியா பக்கம் போய் அவன் எங்கேயோ போய்விட்டான், நாங்கள் இன்னும் சட்டைக்குப் பொத்தான் பூட்டுகிறோம். 2001 இல் விமான நிலையத் தாக்குதல், கப்பல்களுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது, அந்த வருடம் சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பொருளாதாரமே சுருங்கியது. இதையெல்லாம் குற்றம் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள்.


பழைய_கச்சேரி | வியாழன், காலை 9.55

83 ஜூலையை யுத்தக் கணக்கில் போடாதேயும் கோணல். கடையை உடைத்தது, எரித்தது, ஆளைக் கொன்றது, சாமானைத் தூக்கிக்கொண்டு போனது, எல்லாம் தண்டனைச் சட்டக்கோவையில் ஏற்கெனவே இருக்கிற குற்றங்கள். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். பொலிஸ் நின்று பார்த்தது. மோட்டரோலாக்காரன் நெருப்பைப் பார்த்தா போனான்? நெருப்பு எங்கேயும் வரும். நிற்கிற பொலிஸைப் பார்த்துப் போயிருப்பான் என்பது என் எண்ணம்.

பரந்தனில் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில்தான் நான் படித்தேன். ஆனையிறவு உப்பு அங்கே வரும். சங்கு ஊதினால் பள்ளிக்கூடத்தில் நேரம் பார்ப்போம். அதை யுத்தம் தின்றது, அதில் உம்மோடு சண்டை இல்லை. ஆனால் யுத்தம் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இடத்தில் சங்கு ஊதவில்லை என்றால் இன்னும் யுத்தத்தையே சொல்லிக்கொண்டிருக்க ஏலாது.


முள்ளியவளை_அக்கா | வியாழன், இரவு 10.50

வந்து சேர்ந்தேன். ஒரு நல்ல செய்தி சொல்லட்டா? எங்கள் இடத்தில் பஸ்ஸை உள்வீதிக்குள் விடச் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம், டீசல் செலவு என்று மறுத்தார்கள். போன மாதம் புது மனேச்சர் ஒருவர், இந்தியாக்காரர், தானே ஒரு இரவு பஸ்ஸில் ஏறி வந்து சந்தியில் இறங்கி அந்தப் பிள்ளைகளோடு மதகடி வரைக்கும் நடந்தார். அடுத்த கிழமை பஸ் உள்ளே வந்தது. நின்ற ஏழு பேரில் நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். எவனோ கையைப் பிடித்து இழுத்தானே, அந்தப் பிள்ளை வரவில்லை. அவவுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம், பதினெட்டு இப்போதுதான் முடிந்தது.

மதகடிப் பொடியள் அங்கேயேதான் இருக்கிறார்கள். பஸ் அவர்களைத் தாண்டிப் போகிறது.


ஸ்காபரோ_குளிர் | வெள்ளி, காலை 5.30

அக்கா, அந்த டீசலும் குற்றத்தின் செலவுதான் பாருங்கள். மதில், கமெரா, வாசலில் நாலு பேர், ஓட்டுநரின் பற்றரி வரைக்கும். கொழும்பில் தொழிற்சாலை போட்டவனுக்கு இதில் பாதி இல்லை. அவனோடு போட்டி போட்டு நீங்கள் என்ன விலைக்குச் சட்டை தைப்பீர்கள்?


இரணைமடு_வாய்க்கால் | வெள்ளி, இரவு 8.15

மச்சானோடு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தேன். கச்சேரி ஐயா கேட்கச் சொன்னதைக் கேட்டேன், இரட்டைக் குடியுரிமைக்கு இன்னும் போடவில்லையாம். கோணல் சொன்ன மாதிரி வேறு பயம் இருக்கிறதா என்றும் நேராகவே கேட்டுவிட்டேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வயர் போனது எனக்குப் பிரச்சினை இல்லை. இங்கே ஒஸ்லோவிலும் சைக்கிள் களவு போகும். என் சைக்கிள் போனது. இணையத்தில் முறைப்பாடு போட்டேன், அரை மணித்தியாலத்தில் ஒரு இலக்கம் வந்தது, அதைக் காப்புறுதிக்கு அனுப்பினேன், காசு வந்தது. கள்ளனை ஒருவரும் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு முடிந்தது. அங்கே நீ இரண்டு மணித்தியாலம் இருந்து ஒரு இலக்கம்கூட இல்லாமல் வந்தாய். நாளைக்கு மெசின் போனாலும் இதுதானே? மெசினுக்குக் காப்புறுதி போட்டால், முறைப்பாட்டுத் துண்டு இல்லாமல் அவன் காசு தருவானா?"

எனக்குப் பதில் இல்லை. மூன்று கோடியை இப்போது அனுப்ப மாட்டான். முதலில் காணியைத் தன் தங்கச்சியின் பெயருக்கு மாற்ற அலுவல் பார்க்கச் சொன்னான், அவ வவுனியாவில்தான் இருக்கிறா. அப்புறம் திரும்ப ஒருக்கால் பொலிஸுக்குப் போகச் சொன்னான். "முறைப்பாட்டுத் துண்டைப் படம் எடுத்து அனுப்பு, நான் டிக்கெட் போடுகிறேன்" என்றான். விளையாட்டாகச் சொன்னானா என்று தெரியவில்லை.


பழைய_கச்சேரி | வெள்ளி, இரவு 8.50

தங்கச்சி இலங்கைப் பிரஜை என்றால் நல்லது. திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகும்போது மாமியின் மரண அத்தாட்சிப்பத்திரம், பிள்ளைகள் எல்லாரின் பிறப்புப் பத்திரம், கிராம சேவையாளரின் கடிதம், மற்றப் பிள்ளைகளின் சம்மதக் கடிதம் எல்லாம் கொண்டு போம். முறைப்பாட்டுக்குக் காணி யாருடையது என்பது தேவையே இல்லை. வயர் உமது காசில் வாங்கியதா? பில் இருக்கிறதா? அப்போ களவு போனது உமது பொருள். அதைச் சொல்லி, முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லும். எழுத மறுத்தால் மறுத்தவரின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு மேலதிகாரிக்கு எழுத்தில் கொடும். கோபமாகப் பேசாதேயும்.


ஏ9_ஓட்டுநர் | வெள்ளி, இரவு 9.20

அண்ணை, அந்த முழத் துண்டு இன்னும் இருக்கிறதா? எறிந்துவிடாதீர்கள். வயரின் மேல் தோலில் கம்பனிப் பெயரும் மீற்றர் எண்ணும் அச்சடித்திருப்பான். எல்லாவற்றையும் ஒரே இரவில் எரிக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையின் பின்பக்கம் எரிக்காத சுருள் இரண்டு நேற்றுக் கிடந்தது, கறுப்பு. உங்களுடையதோ தெரியாது. பெயரை இங்கே போட்டால் மட்டுறுத்துநர் தூக்கிவிடுவார், போனில் எடுங்கள்.


இரணைமடு_வாய்க்கால் | வெள்ளி, இரவு 9.34

இருக்கிறது. கறுப்புத்தான். இப்போதுதான் ரோச் பிடித்துப் பார்த்தேன், எண் தெளிவாகத் தெரிகிறது, பில்லும் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. எடுக்கிறேன் தம்பி.